காது டாக்டர் போனில் பார்த்த வைத்தியம்

“அப்பா, வாஷிங் மெஷின் மறுபடியும் உறுமுதுப்பா.”

“போனை அதுகிட்ட கொண்டு போ. நீ பேசாதே.”

மோட்டார் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேலையில் இருந்த காலத்தில் எந்த மோட்டாரையும் திறக்காமலேயே, சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். ஒர்க் ஷாப்பில் அவருக்குக் ‘காது டாக்டர்’ என்றே பெயர். இப்போது அந்தக் காதுக்கு இருக்கும் ஒரே வேலை, பக்கத்து வீட்டு டி.வி.யைக் கேட்பது.

“நாலு காலும் சமமா நிக்கல. ஒரு கால் கீழ அட்டையை மடிச்சு வை.”

மறுநாளும் மகள் போன் செய்தாள். “அட்டை வச்சதுலேர்ந்து மெஷின் நடக்க ஆரம்பிச்சிடுச்சுப்பா. பாத்ரூம்லேர்ந்து கிளம்பி சமையலறை வாசலுக்கே வந்துடுச்சு.”

“மேல கனமா எதையாவது தூக்கி வை.”

வைத்ததும் அடியில் தண்ணீர் ஒழுகியதாம். ஒழுகலுக்கு ஒரு ஸ்க்ரூவை முறுக்கச் சொன்னார். மூடி திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மாப்பிள்ளையின் ஆபீஸ் சட்டைகள் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டன.

“அவரு பனியனோட உட்கார்ந்திருக்காருப்பா!”

“லீவு போடச் சொல்லு!”

சொன்னால் வெட்கக்கேடு, மெக்கானிக்குக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் பேச்சுக்குரலே இல்லை. போனிலும் மகள் “சாப்டியாப்பா?” என்பாள், இவர் “சாப்டேன்” என்பார். அதற்கு மேல் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியாது. இப்போதோ விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, போனை மடியில் வைத்துக் காத்திருந்தார். போனில் பேச எதற்கய்யா சவரம் என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை.

அன்று காலையும் சத்தத்தைக் கேட்டார். “பேரிங் போச்சு. சந்தேகமே இல்ல. மாத்தித்தான் ஆகணும்.”

“அப்போ... இனிமே போன்ல சொல்லிச் சரிபண்ண முடியாதாப்பா?”

மகளின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. மெக்கானிக் போனை வைத்துவிட்டு யோசித்தார். பெண்ணுக்கு நம்பிக்கை போய்விட்டது. நாளைக்கே மாப்பிள்ளை கம்பெனி ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அப்புறம் இந்தக் கிழவனிடம் கேட்க என்ன இருக்கிறது? மறுபடியும் “சாப்டியா” தான்.

சொல்லாமல் கொள்ளாமல் புது பேரிங் ஒன்றை வாங்கினார். டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு, மகள் குடிபோனதிலிருந்து தான் ஒருமுறைகூடப் பார்க்காத அந்த வீட்டுக்கு பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்களாம்.

“பரவாயில்ல சம்பந்தியம்மா, அவங்க வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன். வாஷிங் மெஷின் எங்க இருக்கு? காலையிலகூட சத்தம் கேட்டேன், பேரிங் சுத்தமா போயிடுச்சு.”

சம்பந்தியம்மா அவரையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்க ஏதுங்க வாஷிங் மெஷின், துணியெல்லாம் லாண்டரிக்குல்ல போகுது? ஓ... இதுக்குத்தானா உங்க பொண்ணு தினமும் காலையில வெறும் மிக்ஸியை ஓடவிட்டு, போனை அதுகிட்ட காட்டிக்கிட்டு நிக்கிறா?”