மூக்கால் வண்டி பார்ப்பவர்

படுக்கையறையில் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்த வேதியியல் ஆசிரியைக்கு, கார் நிறுத்தும் அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஒரு நீண்ட உறிஞ்சல். சற்று இடைவெளி. அதைவிட நீண்ட இன்னோர் உறிஞ்சல். அக்காள் வீட்டுக்காரர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்துகொண்டிருக்கிறார் என்பது புரிந்ததும் அவள் உறையைப் பாதியில் விட்டாள்.

இந்த இனத்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிழைப்புக்கு வேறு ஏதாவது செய்வார்கள். இவர் வங்கியில் காசாளர். ஆனால் எங்காவது ஒரு காரின் முன்மூடி திறந்திருப்பதைக் கண்டால் போதும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் வந்து நிற்பார்கள். புகை கறுப்பா? டர்போ போச்சு. வெள்ளையா? டர்போ போச்சு. புகையே இல்லையா? டர்போ போகப்போகிறது.

டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் நத்தை வடிவச் சாமான். பத்து வருடங்களுக்கு முன் காசாளரின் சொந்த வண்டியில் அது உடைந்தது. முதல் காதலில் தோற்றவரைப்போல, அன்றிலிருந்து அவர் எதைப் பார்த்தாலும் அதுவே தெரிகிறது.

அவள் ஓடி வந்தாள். காசாளர் வெள்ளைக் கைக்குட்டையைக் குழாயில் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். நீலப் புகை. கீழ ஆயில் வேற சொட்டுது. டர்போ சீல் அவுட். இனிமே இதை ஒரு அடி நகர்த்தக் கூடாது."

"அத்தான், நாளைக்குக் காலைல அவரைக் கூட்டிட்டு வரணும்."

"நடுவழியில தீப்பிடிச்சா?"

அவள் பின் சீட்டைப் பார்த்தாள். மூன்று மணி நேரத் தொலைவிலிருக்கும் ஆஸ்பத்திரியில், முழங்கால் அறுவை முடிந்து, பதினோரு நாளாக அவள் கணவர் படுத்திருந்தார். காலை மடக்கக் கூடாது. முன் சீட்டைத் தள்ளி, பின் சீட்டின் நீளத்தை டேப் வைத்து அளந்து, மூன்று தலையணை வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நேற்றுத் தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம வண்டியிலயே வந்துடறேனே, வேற எதுவும் வேண்டாம்."

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"தாராளமா கூப்பிடு. நான் சொன்னதையேதான் அவனும் சொல்லப் போறான்," என்றார் காசாளர்.

அரை மணி நேரத்தில் வந்த மெக்கானிக் எதையும் மோந்து பார்க்கவில்லை. ஆயில் குச்சியை உருவித் துடைத்தார், செருகினார், மறுபடி உருவிப் படுக்கை வசமாகப் பிடித்தார். மாணவர்களுக்கு அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தே கண் பழகியவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதிகபட்ச அளவைக் காட்டும் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆயில்.

"கடைசியா ஆயில் ஊத்தினது யாரும்மா?"

காசாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போன ஞாயித்துக்கிழமை அத்தான்தான் பாத்து ஊத்தினாங்க," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"வண்டி ஓடி நின்ன உடனே குச்சியைப் பாத்தீங்களா சார்? மேல ஏறின ஆயில் கீழ இறங்க வேண்டாமா? கம்மியாத்தானே காட்டும்."

"டர்போ வண்டி ஆயில் குடிக்கும்பா. ஒரு லிட்டர் கூட இருந்தா பாதுகாப்புதானே."

"வயிறு கொள்ளாததைத்தான் சார் புகையா கக்குது."

"அப்ப அந்தச் சொட்டு?"

மெக்கானிக் துணியால் இன்ஜினைக் கீழிருந்து மேலாகத் துடைத்துக்கொண்டே போனார். ஆயில் ஊற்றும் வாயருகே கை நின்றது. "இங்கேர்ந்து வழிஞ்சிருக்கு. புனல் வெக்கலையா?"

காசாளர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மெக்கானிக் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு அதிகப்படி ஆயிலை உறிஞ்சி எடுத்தார். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் அசைத்தார். "ஆட்டமே இல்ல. ஆயிலைத் தடுக்கிற சீலும் நல்லாத்தான் இருக்கு." குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்தார். நீலப் புகை வந்தது. மெலிந்தது. இன்னும் மெலிந்தது. கால் மணி நேரத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புகைதான் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அப்போது குழாயில் புகையே இல்லை.

"தைரியமா போய் சாரைக் கூட்டிட்டு வாங்கம்மா. நடுவுல ஒரு இடத்துல நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சுக் குச்சியைப் பாருங்க." அந்தப் 'பத்து நிமிஷம்' மட்டும் காசாளரின் பக்கம் திரும்பி வந்தது.

மெக்கானிக் போனதும் காசாளர் தொண்டையைச் செருமினார். "நான் முதல்லயே சொன்னேன்ல, விஷயம் ஆயில்தான்னு."

இந்த இனத்தை யார் ஜெயித்திருக்கிறார்கள்? வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர் பாதிப் படியில் நின்று காதைத் தீட்டினார்.

"உள்ள ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி உறுமுதே, கம்ப்ரஸரா இருக்குமோ?"

"போயிட்டு வாங்க அத்தான். அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவர் 'டர்போ சீல் அவுட்' என்றபோதே, 'இது நிச்சயமாக டர்போ இல்லை' என்று மனசுக்குள் தீர்ப்புச் சொன்னவர் நீங்கள்தானே? குச்சியை உருவிப் பார்த்துவிட்டா சொன்னீர்கள்? அவரோடு நீங்களும் படியிறங்கிவிடுங்கள். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாயிற்று.