டூ விட்ட மெயில்

அருப்புக்கோட்டையிலேயே இங்கிலீஷ் அதிகம் தெரிந்தவர் எங்கள் டூ சார்தான். இங்கிலீஷைக் கண்டு அதிகம் பயந்தவரும் அவரேதான். 'டு'வை எங்கே போடுவது, எங்கே விடுவது என்ற கவலையிலேயே தலை நரைத்ததால் அந்தப் பெயர். எங்கள் விசைத்தறிக் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் மெயில்களை எழுதுவது அவர் வேலை. ஒவ்வொன்றையும் பதினோரு தடவை படிப்பார். அனுப்பிவிட்டுப் பன்னிரண்டாவது தடவை படித்து வியர்ப்பார்.

ஒருமுறை விளம்பர நோட்டீஸில் 'ஃபியூ கஸ்டமர்ஸ்' என்று அச்சாகிவிட்டது. மனுஷர் கட்டுக் கட்டாக அதை மேசைக்கடியில் தள்ளி, மேலே காலை வைத்துக்கொண்டார்.

"'எ ஃபியூ'ன்னா நாலு பேராச்சும் இருக்காகன்னு அர்த்தம். வெறும் 'ஃபியூ'ன்னா ஈ ஓட்டுறோம்னு அர்த்தம்மா. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

மத்தியானம் முழுக்க ஒவ்வொரு நோட்டீஸிலும் பேனாவால் 'எ' போட்டோம். எனக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

அவர் திருச்சுழிக்குக் கல்யாணத்துக்குப் போன அன்றுதான் எனக்குச் சனி பிடித்தது. போர்வையில் சாயம் போகிறதா என்று வெளிநாட்டு வியாபாரி கேட்டிருந்தார். நாங்கள் முந்தின நாளே தறியை நிறுத்திச் சாயத்தைச் சோதித்திருந்தோம். அதை நானே எழுதிவிடலாம் என்ற தைரியத்தில், 'வி ஸ்டாப்டு செக்கிங் தி கலர்' என்று அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது, லோடு ஏற்ற வேண்டாம் என்று.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா, நாளைலருந்து நீ வர வேணாம்மா" என்றார் முதலாளி. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். டூ சாருக்குப் போன் போட்டு மெயிலை வாசித்தேன்.

"ஏம்மா, டூவ விட்டுட்டியே. 'ஸ்டாப்டு டு செக்'னா, தறிய நிறுத்திட்டுச் சோதிச்சோம். நீ எழுதுனது, சோதிக்கிறதையே நிறுத்திட்டோம்னு. நீ டூவ விட்ட, அவன் நம்மகிட்ட டூ விட்டுட்டான். இரு, வாரேன்."

பாயசம் வருவதற்குள் பந்தியிலிருந்து எழுந்து பஸ் பிடித்திருக்கிறார். கையில் தாம்பூலப் பை, முகத்தில் என்னைவிட அதிகப் பயம். வந்ததும் உட்கார்ந்து டைப் அடித்தார். பதினோரு தடவையும் அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அனுப்பினார்.

நாலே முக்காலுக்குப் பதில் வந்தது. லோடு ஏற்றலாம்.

போன மெயில், வந்த மெயில் எல்லாவற்றையும் படித்துவிட்டு முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே டூ சாரிடம் போனார்.

"வயசாகிருச்சுன்னா சொல்லுங்க சார், வேற ஆளு பாத்துக்கிறேன்."

டூ சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில், அவர் அனுப்பியிருந்த மெயிலைத் திறந்தேன். முந்தின மெயிலை ஊருக்குப் போகுமுன் எழுதி வைத்தது தான்தான் என்று ஆரம்பித்து, 'ஐ ஃபர்காட் டு செக் இட்', அதைச் சரிபார்க்க மறந்துவிட்டேன், என்று முடித்திருந்தார். நான் அனுப்பும்வரை அந்த முந்தின மெயில் அவர் கண்ணிலேயே பட்டதில்லை.

ஒரு 'எ' விட்டுப்போனதற்கே மானம் போகும் என்று பதறிய மனுஷர், எனக்காக முழுப் பொய் எழுதியிருந்தார். அதிலும் 'டு' சரியான இடத்தில் இருந்தது.