பிரமு மதினி விடுதியில் ஒரு கிராப்புத் தலை

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நான் சாமியாராகப் போகவிருந்தேன். அந்த விஷயம் திருச்செந்தூரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் கடைசி நாள்வரை தெரியாது.

பதினாலாம் வருஷத்து ஜெர்மன் யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷங்களுக்கு முந்தைய கதை இது. எனக்கு இருபத்திரண்டு வயது. திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை. அறிவு சுமார். அழகு சுமாருக்கும் கொஞ்சம் கீழே. ஆனால் கண்ணாடி பார்க்கிற விஷயத்தில் மட்டும் எந்த ஜமீன்தாருக்கும் நான் சளைத்தவன் இல்லை.

அந்தக் கோடையில் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்த என் கூட்டாளி ஊருக்கு வந்தான். குற்றாலம் என்பது அவன் பெயர். தலையில் குடுமியைக் காணோம். கிராப்பு! வகிடு எடுத்து, எண்ணெய் மினுங்க, ரதவீதியில் அவன் நடந்து போனபோது மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். (சிரிப்பதற்காகத்தான் பார்த்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் என் முடி போய்விட்டது.)

என் அப்பாவோ குடுமிக் கட்சி. அடுத்த தெருவில் ஒருவருடைய மகன் கிராப்பு வைத்துக்கொண்டான் என்பதற்காக, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த வெற்றிலை பாக்கையே திருப்பி அனுப்பியவர். "கிராப்பு வச்சவன் எவனும் என் வீட்டு நடை ஏறப்படாது. நான் பெத்தவனா இருந்தாலும் சரி" என்று, சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தே ஒருநாள் சொன்னார். அப்பா சொன்னால் சொன்னதுதான். அவரை ஒருமுறை எதிர்த்துப் பேசிய என் சித்தப்பா, பத்து வருஷமாக எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட அப்பா, ஆழ்வார்திருநகரியில் இருந்த என் அத்தை வீட்டுக்குப் பத்து நாள் தங்கப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் குற்றாலத்தைக் கூப்பிட்டேன். அவன் கத்தரிக்கோலோடு வந்தான். கால் மணி நேரத்தில் என் குடுமி தரையில் கிடந்தது.

கண்ணாடியைப் பார்த்தேன். குடுமி வைத்தவன் முன்தலையை மழித்திருப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை. முன்பாதி வழுவழுவென்று மொட்டை. பின்பாதியில் மட்டும் ஆடு மேய்ந்துவிட்டுப் போன வரப்பு மாதிரி கொஞ்சம் கிராப்பு.

"நான் மூணு மாசம் முன்தலையை வளத்துட்டுல்லா வெட்டுனேன்" என்றான் குற்றாலம்.

"அதை ஏம்லே முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலியே."

இனி ஒரே வழிதான். முழு மொட்டை. ஆனால் அப்பாவும் அம்மாவும் நன்றாக இருக்கும்போது உள்ளூரில் மொட்டை போட்டால் ஊரே துக்கம் கேட்க வந்துவிடும். கோயிலில் காணிக்கையாகக் கொடுத்துவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. அப்புறம் முளைக்கிற முடியைக் கிராப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு திட்டம் போட்டேன். (என் மூளை எந்த நிலையிலும் தன் புத்தியை விடாது.) தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மாவிடம் "திருச்செந்தூர் போயிட்டு வாரேன்" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, மாட்டுவண்டி ஏறினேன். ரயில் அந்தப் பக்கம் வராத காலம் அது. ஆழ்வார்திருநகரியைக் கடக்கும்போது மட்டும் வண்டிக்குள் வைக்கோலை மேலே போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

திருச்செந்தூரை நெருங்குகையில் வண்டிக்காரர் வண்டியை ஒரு குறுக்கு வழியில் இறக்கினார். சக்கரம் தேரிக்காட்டுச் செம்மணலில் புதைந்துவிட்டது. இறங்கித் தள்ளினேன். பிறகு நடந்தேன். என் வெள்ளை வேட்டி முழங்கால்வரை சிவந்துவிட்டது.

கோயிலுக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய விடுதி. மூன்று அறைகள், ஒரு முற்றம், புறவாசலைத் திறந்தால் அலை. சண்முகம் அண்ணாச்சியும் அவர் மனைவி பிரமு மதினியும் நடத்திவந்தார்கள். அண்ணாச்சிக்கு உயரமும் மீசையும் இருந்தன. மற்றதெல்லாம் மதினியிடம் இருந்தது.

"ஒத்தையிலயா வந்திருக்கீய, தம்பி?" என்றாள் மதினி.

"ஆமா மதினி."

"மூட்டை முடிச்சு?"

காட்டினேன். ஒரு மாற்று வேட்டி, ஒரு துண்டு, ஒரு செம்பு.

"என்ன காரியமா?"

"மொட்டை போடணும்."

"என்ன நேத்திக்கடன்?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்திருக்கவில்லை. "அது எனக்கும் முருகனுக்கும் உள்ளது மதினி" என்று சொல்லித் தரையைப் பார்த்தேன்.

"உங்க அப்பா எங்கன இருக்காரு?"

"ஆழ்வார்திருநகரில, அத்தை வீட்டுல." அத்தை வீடு இருக்கும் தெருவையும் சொன்னேன். (கேட்டதற்கெல்லாம் உண்மை சொல்வேன், கேட்காததை மட்டும் மறைப்பேன். வக்கீல் குமாஸ்தா அல்லவா?)

"அவருகிட்ட சொல்லிட்டு வந்தீயளா?"

"இல்ல மதினி. சொன்னா விடமாட்டாரு."

சாமியாராகக் கிளம்பியவன்கூட இவ்வளவு பொருத்தமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டான். மதினி அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி மீசையைத் தடவினார்.

எனக்குப் பிறகு தெரியவந்த விவரத்தை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் ராதாபுரத்துக்காரர் ஒருவர் இதே போல் தனியாக வந்து, இதே அறையில் தங்கி, மொட்டை போட்டுக்கொண்டு, காவியைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாராம். அவருடைய மனைவி தேடிக்கொண்டு வந்து, விடுதி முற்றத்தில் உட்கார்ந்து மூன்று நாள் அழுதாளாம். அன்றைக்கே மதினி முடிவு செய்துவிட்டாள். தன் விடுதியில் தங்கும் எவனையும் இனிமேல் சாமியாராக விடுவதில்லை.

என்னைத் தடுக்கும் வேலை அன்று பகலிலேயே தொடங்கியது. நாக்கில் ருசி உள்ளவன் துறவியாக மாட்டான் என்பது மதினியின் கணக்கு. இலையில் சொதி, இஞ்சிப் பச்சடி, அவியல், உருளைக்கிழங்கு பொடிமாஸ். சாயங்காலம் கருப்பட்டிப் பணியாரம். மறுநாள் காலையில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குளிக்கிற இட்லி. நான் ஐந்தாவது இட்லியைக் கேட்டதும் மதினியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஏழாவதில் கண் கலங்கியேவிட்டாள். என்மேல் இவ்வளவு பாசமா என்று நான் நெகிழ்ந்து எட்டாவதையும் வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, குடும்ப வாழ்க்கையின் இன்பங்களை எனக்கு எடுத்துச் சொல்வது. கடற்கரையில் என்னோடு உட்கார்ந்துகொண்டார்.

"கல்யாணம்னா நல்ல விசயம்தான் வே" என்றார். யோசித்தார். வெகுநேரம் அலையைப் பார்த்தார். விடுதிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சோறு நேரத்துக்குக் கெடைக்கும்" என்றார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நான் விடுதிக்கு வழக்கமாக வரும் நாவிதரைத் தேடிப் போனேன். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"மதினி சொல்லாம என் கத்தி உங்க தலையில படாது, தம்பி."

"என் தலைக்கு மதினி எதுக்குவே சொல்லணும்?"

"உங்களுக்கு வயசு பத்தாது. உலகத்தை நல்லாப் பாருங்க. கடலைப் பாருங்க. மொட்டை எங்க போயிரப்போவுது?"

இரண்டாவது நாவிதரும் இதையே சொன்னார். மூன்றாமவர் என்னைக் கண்டதும் எழுந்தே போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் தலைப்பாகையோடு தூங்கினேன், தலைப்பாகையோடு சாப்பிட்டேன், தலைப்பாகையோடே கடலில் முங்கினேன். அதுவும் ஏதோ விரதம் என்று மதினி நினைத்துக்கொண்டாள். மொத்தத்தில் எல்லாமே எனக்கு எதிராக இருந்தன.

கடைசியாக வேட்டி. செம்மண் படிந்த வேட்டியைக் கிணற்றடியில் துவைத்தேன். அது உப்புத் தண்ணீர். மண் போனது, நிறம் போகவில்லை. நான் பார்த்துப் பார்த்துப் பிழிந்து முற்றத்துக் கொடியில் காயப்போட்ட அந்த வேட்டி, வெயில் ஏற ஏற நல்ல காவி நிறத்துக்கு வந்துவிட்டது. மதினி அடுக்களையிலிருந்து வெளியே வந்தவள், அதைப் பார்த்துக் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாளாம். அப்போது நான் உள்ளே பணியாரத்தோடு இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மதினி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, கோவிச்சுக்கிடாதீய. நேத்தைக்கு உங்க அப்பாவுக்கு ஆள் அனுப்பிட்டோம். இன்னைக்கு வந்துருவாரு."

வாயிலிருந்த இட்லி அங்கேயே நின்றுவிட்டது. அப்பா வருகிறார். என் தலையில் அரைக் கிராப்பு இருக்கிறது. வீட்டு நடை ஏறக்கூடாது என்று சொன்னவர், சொன்னால் செய்கிறவர். இருபத்திரண்டு வயதில் எனக்கு வீடு இல்லாமல் போகப்போகிறது. கை கழுவ மறந்து புறவாசல் வழியாக ஓடினேன்.

நல்லவேளையாக வைகாசி விசாகம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் நாவிதர்கள் சிலர் வந்து மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மதினியைத் தெரியாத ஒருவர் முன்னால் போய் விழுந்தேன்.

"சீக்கிரம் மொட்டை போடும், வே!"

தலைப்பாகையை அவிழ்த்தேன். அவர் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரு தம்பி பாதியில வுட்டது?"

"அதையெல்லாம் அப்புறம் சொல்லுதேன். நனைச்சு எடும்!"

தண்ணீர் தெளித்தார். கத்தியை எடுத்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், கடல் சத்தத்தையும் மீறி:

"நிறுத்துங்க! எம் புள்ளையை விட்டுருங்க!"

அப்பா! மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தார். மேல்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவருக்குப் பின்னால் அண்ணாச்சி, அவரையும் முந்திக்கொண்டு மதினி. அப்பா வந்த வேகத்தில் நாவிதரின் கையைப் பிடித்துவிட்டார். பிறகுதான் என் தலையைப் பார்த்தார். ஈரத் தலை, பளிச்சென்ற காலை வெயில். ஒளிக்க ஒன்றும் இல்லை.

"ஏலே, இது என்னது?"

"கிராப்பு, அப்பா."

"கிராப்பா?"

"உங்களுக்குத் தெரியாம வச்சேன். சரியா வரல. அதை மறைக்கத்தான் மொட்டை போட வந்தேன்."

"சாமியாராப் போகலியா?"

"நானா? எதுக்குப்பா?"

அப்பா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார்! கண்ணில் நீர் ஓட ஓடச் சிரிக்கிறார்.

"கிராப்புதானா!" என்றார். கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீயளா? கிராப்புதான் வச்சிருக்கான்! எம் மவன் கிராப்புதான் வச்சிருக்கான்!" என்று சத்தமாகச் சொன்னார். என் ஈரத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு என்மேல் இவ்வளவு பிரியம் என்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எட்டு இட்லி தின்னவரு எப்பிடி சாமியாராவாருன்னு நான் அப்பமே நெனைச்சேன்" என்றாள்.

நாவிதருக்கு மட்டும் பொறுமை இல்லை. "இப்ப யாருக்குத்தான் மொட்டை?" என்றார்.

"எனக்கு" என்றார் அப்பா.

நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"வண்டியில வாரப்பமே நேந்துட்டேன் லே. நீ சாமியாராகாம வீட்டுக்குத் திரும்புனா, எங் குடுமியை முருகனுக்குத் தாரேன்னு."

சொன்னால் சொன்னதுதானே! நான் எழுந்த இடத்தில் அப்பா உட்கார்ந்தார். நாற்பது வருஷக் குடுமி ஐந்து நிமிஷத்தில் மணலுக்கு வந்தது. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "காத்து நல்லாத்தான் படுது" என்றார். எனக்கும் போட்டுவிடட்டுமா என்று நாவிதர் கேட்டார். "வேண்டாம். அவன் இப்படியே வரட்டும். ஊரு பாக்கட்டும்" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அப்படியே ஊர் வந்து சேர்ந்தோம். அப்பா முழு மொட்டை, நான் அரைக் கிராப்பு. நான்தான் முதலில் வீட்டு நடை ஏறினேன். அம்மா யாரைப் பார்த்து முதலில் அழுவது என்று தெரியாமல் நின்றாள். அப்பாவின் தலையைப் பார்த்துத் தெருவே துக்கம் கேட்க வந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் அப்பா என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முழுக் கதையையும் சொன்னார். நாற்பது பேருக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். அண்ணாச்சியும் மதினியும் திருச்செந்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் தாலி கட்டி முடிக்கும்வரை மதினி வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எதுக்கும் ஒரு சாக்கிரதைக்கு" என்றாளாம். இன்றைக்கும் நாங்கள் அந்த விடுதிக்குப் போனால், "சாமியாருக்கு இன்னும் ரெண்டு இட்லி வையி" என்றுதான் உள்ளே குரல் கொடுக்கிறாள்.

இதில் அகப்பட்டுக்கொண்டது நான்தான். தப்பு செய்தவன் அப்பாவிடம் எப்படி வந்து நிற்க வேண்டும் என்பதை என் பிள்ளைகள் இந்தக் கதையிலிருந்து நன்றாகப் படித்துக்கொண்டுவிட்டார்கள். போன வாரம் என் இளையவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அப்பா, நான் சாமியாராப் போறேன்" என்றான்.

"எத்தனை பாடத்துல லே போச்சு?" என்றேன்.

"ரெண்டு."

நான் கையை ஓங்குவதற்குள், உள்ளே கட்டிலில் படுத்திருந்த எழுபது வயது அப்பா எழுந்து உட்கார்ந்து, "ரெண்டுதானா!" என்றார்.