கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூட்டை பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். என் மரப் பாலிஷ் பட்டறை மட்டும் நலமில்லை, ஞாயிற்றுக்கிழமை எரிந்துபோயிற்று. அங்கே நீங்களும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

தீ அணைந்த பிறகுதான் எனக்குத் தொல்லையே ஆரம்பம். தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று கண்டுபிடிக்க ஒரு அதிகாரியம்மா திங்கட்கிழமையிலிருந்து வருகிறார். திட்டவில்லை, அதட்டவில்லை, அதுதான் பயமே. சுவரில் கரி எங்கே கீழே குறுகி மேலே விரிகிறது என்று பார்த்துக்கொண்டே போய், கதவுக்குப் பின்னால் மூலையில நின்னுட்டாங்க. அங்கேதான் ஆரம்பமாம். சாம்பலை மோந்து பாத்து, பெட்ரோல் இருக்கான்னு சோதிக்க டப்பாவில போட்டு மூடினாங்க. பூட்டைப் பாத்தாங்க, உடைக்கலை. சாவி யார்கிட்டன்னு கேட்டாங்க, என்கிட்ட மட்டும்தான்னு பெருமையா சொல்லித் தொலைச்சேன். அப்புறம், இந்த ஆணியில என்ன தொங்கிச்சுன்னாங்க. மரச்சட்டத்துக்குப் பாலிஷ் போடச் சொல்லி உங்கக்கா குடுத்த எங்க கல்யாணப் போட்டோ. பதினோரு வருஷம் அங்கேயே தொங்கினதை, போன சனிக்கிழமைதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அந்த அம்மா எழுதறதை நிறுத்திட்டு, "தீ வைக்கிறவங்க முதல்ல போட்டோவைத்தான் காப்பாத்துவாங்க"ன்னாங்க. என்னை ஜெயில்ல போட்டா உங்கக்காவை யாரு பாத்துப்பா, சொல்லுங்க.

அதனாலதான் இன்னிக்குக் காலையில அந்த மூட்டை. அவசர ஆர்டர் மேஜையை வீட்லயே வெச்சு எண்ணெய் போட்டுத் துடைச்ச துணிங்க. தெருமுனையில அந்த அம்மா தலையைப் பாத்ததும் எல்லாத்தையும் சாக்குல திணிச்சு, இறுக்கிக் கட்டி, நம்ம சரக்கு வேன்காரர்கிட்ட உங்க வீட்டுக்குக் குடுத்து அனுப்பிட்டேன். எண்ணெய்த் துணி கண்ணுல பட்டா என் கதை முடிஞ்சுது. அவர்கிட்ட சொல்லி அனுப்பினபடி கட்டிலுக்கு அடியில தள்ளி, வாடை வராம மேல ரெண்டு கம்பளியைப் போட்டு அமுக்கி வையுங்க. யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க. போனையும் அவர் சொன்னபடி அணைச்சே வையுங்க, ஒட்டுக் கேப்பாங்க.

தங்கச்சிக்கும் குழந்தைங்களுக்கும் என் ஆசி. எல்லாரும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: அதிகாரியம்மா இப்பத்தான் போறாங்க. யாரும் வைக்கலையாம், பெட்ரோலும் இல்லையாம். மூலையில நான் சனிக்கிழமை குவிச்சு வெச்ச, பாலிஷ் போடற லின்சீட் எண்ணெய்த் துணிதானாம். விரிச்சுக் காயப்போட்டா ஒண்ணும் ஆகாதாம், குவிச்சு அமுக்கினா தானாவே சூடேறி சில மணி நேரத்துல பத்திக்குமாம். நான் தப்பிச்சேன், மாப்பிள்ளை. உங்களுக்குப் போன் பண்ணேன், அணைச்சிருக்கு. இந்தக் கடிதத்தோட வேன்காரரை விரட்டறேன். மூட்டையை உடனே வெளியே கொண்டுபோய்த் தண்ணி ஊத்துங்க. அதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா தொடாதீங்க.