பேர் போடாத ஸ்டேட்டஸ்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. ஆறாவது படிக்கிற மகளுக்கு இங்கிலீஷ்ல புரொனவுன் சொல்லிக் கொடுக்கணும். திங்கக்கிழமை டெஸ்ட்.

"பாப்பா, புத்தகத்த எடு"ன்னேன். அவ அவங்கம்மா போனை எடுத்தா. சொந்தக்காரங்க ஸ்டேட்டஸ ஒண்ணு விடாம பாத்தாத்தான் அவளுக்குப் பொழுது போகும்.

அங்கதான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. செய்யாமலே இருந்திருக்கலாம்!

புரொனவுனை என் ஸ்டேட்டஸ்லயே போட்டா? அவளே தேடி வந்து படிப்பாளே! வகைக்கு ஒரு வாக்கியம், மேல இங்கிலீஷ், கீழ தமிழ் அர்த்தம். எல்லாம் என் சொந்தக் கற்பனை.

யாருன்னு குறிப்பா சொல்லாத இன்டெஃபினிட்டுக்கு, 'எங்களுக்கு யாரும் உதவவில்லை.' கேள்வி கேக்குற இன்டராகேடிவுக்கு, 'இதை உடைத்தது யார்?' தனக்குத்தானே செஞ்சுக்கிற ரிஃப்ளெக்சிவுக்கு, 'அவர் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டார்.'

எந்த வகைன்னு அவளே கண்டுபிடிக்கட்டும்னு வகைப் பேரை மட்டும் போடல.

பாப்பா மூணுக்கும் சரியா பதில் சொன்னா. நான் வாத்தியாரா போயிருக்க வேண்டியவன்னு நெனச்சுகிட்டே தூங்கிட்டேன்.

காலையில முதல் போன், குரும்பலூர்ல இருக்குற அக்கா.

"ஏண்டா, ஒனக்கு யாருமே உதவலையா? ஒனக்குப் பொண்ணு பாக்க பதினாலு வூடு ஏறி எறங்குனது யாரு?"

"அக்கா, அது இன்டெஃபினிட்..."

"இங்கிலீஷ்ல வேற திட்டுறியா!" போனை வச்சிருச்சு.

அடுத்து மாமியார். போன மாசம் வந்தப்ப மிக்சி ஜாரை ஒடைச்சது அவங்கதான். எனக்கு அது மறந்தே போச்சு. அவங்களுக்கு மறக்கல.

"புது ஜார் வாங்கி பஸ்ல கொடுத்து வுடுறேன் மாப்ள"ன்னாங்க.

மச்சான் மட்டும் போனே பண்ணல. என் மனைவியோட அண்ணன், செந்துறைக்காரர். பதிலுக்கு அவரும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தாரு. 'இனி சில வாசல்களை மிதிப்பதாக இல்லை.' பின்னாடி முழுக்கக் கறுப்பு!

"இவருக்கு என்னாச்சு?"ன்னு மனைவிகிட்ட கேட்டேன்.

"போன வாரம்தான் அவரு பொறந்தநாளுக்கு அவரே ஃப்ளெக்ஸ் வச்சாரு. நீங்க தன்னைத்தானே புகழ்ந்துகிட்டாருன்னு எழுதுறீங்க!"

"அவர நெனச்சு எழுதலம்மா!"

பொய். எழுதும்போது அந்த பேனர் லேசா கண்ணு முன்னாடி வந்துட்டுத்தான் போச்சு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கல்லங்குறிச்சி கோயில்ல நம்ம சின்னவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வரலன்னா புள்ளைய யாரு மடியில உக்கார வைக்கிறது? உங்க புரொனவுன் மடியிலயா?"

கேட்டுட்டு அழுதுட்டா. அன்னைக்கே கெளம்புனேன்.

நானும் பாப்பாவும் பெரம்பலூர்ல பஸ் ஏறி, அரியலூர்ல மாறி, செந்துறையில போய் எறங்கினோம். சாட்சிக்குக் கையில இங்கிலீஷ் புத்தகம்.

மச்சான் "வாங்க"ன்னாரு. அவ்வளவுதான். வழக்கமா கூடவே வர்ற 'மாப்ள' வரல.

பாப்பா புத்தகத்தப் பிரிச்சுக் காட்டினா. "மாமா, பேருக்குப் பதிலா வர்றதுதான் புரொனவுன். அப்பா யார் பேரையும் சொல்லல பாருங்க."

"அதாம்மா நானும் சொல்றேன்! பேரு போட்டா வேற யாரையோன்னு வுட்டுருப்பேன். பேரு போடலன்னா அது சொந்தக்காரனத்தான?"

நானும் அப்படித்தான் படிப்பேன். போன தீபாவளிக்கு இவரு ஸ்டேட்டஸ்ல வந்த 'சிலர்' யாருன்னு இன்னும் யோசிச்சுகிட்டிருக்கேன்.

"மச்சான், நீங்க வரலன்னா என் புள்ள காது அப்படியே இருக்கட்டும். வேற யார் மடியிலயும் உக்கார வைக்க மாட்டேன்."

நெசமாத்தான் சொன்னேன்.

பாப்பா கையில இருந்த புத்தகத்த வாங்கி மூடி வச்சாரு. அப்புறம், "வரேன். ஆனா இந்தத் தடவ என் பேரு போட்டு ஒரு ஸ்டேட்டஸ் போடுங்க மாப்ள"ன்னாரு.

மாப்ள வந்துருச்சு!

அங்கயே நின்னு போட்டேன். பேரு, இனிஷியல், கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ, எல்லாம்.

ஞாயித்துக்கிழமை மச்சான் மடியில உக்காந்து சின்னவன் கத்துன கத்துல கோயிலே திரும்பிப் பாத்துச்சு. அவன விட மச்சான்தான் அதிகமா அழுதாரு. இந்த மனுஷனையா கிண்டல் பண்ணோம்னு எனக்கு வெக்கமாப் போச்சு.

வெளிய வந்தா, வாசல்ல அவரு வச்ச ஃப்ளெக்ஸ்! தாய்மாமன்னு அவரு பேரு மூணு எடத்துல. சின்னவன் பேரு ஒரு எடத்துல. மாமியார் பேரு, குரும்பலூர் அக்கா பேரு கூட இருந்துச்சு.

என் பேரத் தேடித் தேடிப் பாத்தேன். பாப்பாதான் கண்டுபிடிச்சா.

"அப்பா, கடைசில 'மற்றும் பலர்'னு போட்டிருக்கு பாருங்க. இன்டெஃபினிட் புரொனவுன். நீங்க அதுல இருப்பீங்க."

பாப்பா டெஸ்ட்ல முழு மார்க் வாங்குனது சும்மா இல்ல.