ஊருக்குச் சொல்ல ஓர் உறுப்பு

மரக்காணம் உப்பளக் கரையில் இதுநாள்வரை கூடிய கூட்டங்களிலேயே கண்ணியமானது, 2006 மாசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியதுதான். கலந்துகொண்டோர்: தலைமை, உப்பளச் சொந்தக்காரனாகிய நான், என் மனைவி முத்தம்மாள், தம்பி அப்பாவு, தங்கை வேலம்மாள், மகன் தமிழரசன், மருமகள் அம்சவல்லி. ஜன்னல்கள் கலந்துகொள்ளவில்லை, சாத்திவிட்டோம்.

பொருள்: மருமகளின் வயிறு.

வரலாறு சொல்லியாக வேண்டும். இரட்டைப் பிள்ளை பெற்றபின் அம்சவல்லிக்கு வயிறு இறங்கவில்லை. 2004-இல் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில், தொங்கிய தோலை வெட்டி, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, வயிற்றைத் தட்டையாக்கினார்கள். எங்கள் வம்சத்து மருமகள் அழகுக்காகக் கத்தி வைத்துக்கொண்டாள் என்று வெளியே தெரியலாமா? ‘குடல்வால் ஆபரேஷன்’ என்று அறிவித்தேன். குடல்வாலுக்கு இவ்வளவு பெரிய கட்டா என்று சிலர் முணுமுணுத்தார்கள். உடனே நடவடிக்கை எடுத்தேன். இரண்டாம் வாரமே அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தெருவின் முழு நீளத்துக்கும் நடந்துவந்தாள். ஊர் வாயடைத்துப்போனது. உள்தையல் விட்டதும் அன்றுதான் என்று இப்போது டாக்டர் கருதுகிறார். டாக்டர் படிப்பில் கௌரவம் ஒரு பாடமாக இல்லை.

ஆக, தசைகள் மறுபடி விலகிவிட்டன. வயிறு முன்னால் தள்ளுகிறது, முதுகு வலிக்கிறது, பிள்ளைகளைத் தூக்க முடியவில்லை. திறந்து மீண்டும் தைக்க வேண்டும். நாளைக் காலை அட்மிஷன். என் கவலை இதைவிட ஆழமானது. குடல்வால் மனிதருக்கு ஒன்றுதான். அதை நாங்கள் 2004-லேயே செலவழித்துவிட்டோம்.

“பித்தப்பைன்னு சொல்லிடலாம்ணே. கல்லுன்னா யாரும் துருவ மாட்டாங்க” என்றான் அப்பாவு.

“நம்ம வம்சத்துல யாருக்குடா கல்லு? நாளைக்குப் பேத்திக்கு மாப்பிள்ள பாக்கறப்ப கேப்பான்.”

வேலம்மாள் எளிய வழி சொன்னாள். “முழுவாம இருக்கான்னு சொல்லிடு. வயிறு ஏற்கெனவே அதைத்தான் சொல்லிக்கினு இருக்குது.”

“அப்புறம் புள்ளைக்கு எங்க போறது?”

“அதுக்குத் தனியா ஒரு மீட்டிங் போடு.”

“ஏம்பா, படுத்தா அவளால எழுந்துக்க முடியல. நீங்க கல்லா வாலான்னு பேசிக்கினு இருக்கீங்க” என்றான் தமிழரசன். பொருளுக்குப் புறம்பானது என்று தள்ளினேன்.

அம்சவல்லி எழுந்து பாயை விரித்தாள். “அத்த, ஒரு தபா நீங்களே கைய வெச்சுப் பாருங்க. நான் படுத்துக்கினு தலைய மட்டும் தூக்குறேன். தொப்புளுக்கு மேல விரலை அழுத்துங்க. தசை எவ்ளோ வெலகியிருக்குன்னு டாக்டரு இப்படித்தான் பாத்தாரு.”

நாகரிகம் கருதி ஆண்கள் திரும்பிக்கொண்டோம். எனக்குச் சுவர்க் காலண்டர் கிடைத்தது, தம்பிக்கு பிரிட்ஜ், தமிழரசனுக்கு மூலை. எனவே இனி வருவது காதால் கேட்ட சாட்சியம்.

“மூணு விரலு உள்ள போவுதே” என்றது வேலம்மாள் குரல்.

“நடுவுல வரப்பு மாதிரி பொடைக்குது பாரு.” இது முத்தம்மாள். பிறகு, “வேலு, எனக்கும் இப்படித்தான் பொடைக்கும். நகரு, நானும் படுக்கிறேன்.”

பாய் சரசரத்தது.

“அண்ணி, உனக்கு நாலு.”

“கட்டை விரலையும் சேத்தா?”

“சேக்காமலே.”

அடுத்து வேலம்மாளும் படுத்தாள். மருமகள் அளந்தாள். மூன்றரை.

ஆக எங்கள் வீட்டுக்கு மொத்தம் பத்தரை விரல். தலைவர் என்ற முறையில் சற்றுப் பெருமையாகவே இருந்தது. பாயிலிருந்து மூவரும் சிரிப்பது கேட்டது. சிரித்தால் வலிக்கிறது என்று அதற்கும் சிரித்தார்கள்.

“தமிழரசன் பொறந்து தீட்டுகூட கழியல. கூலியாளு வரலன்னு உப்புக் கூடைய என் தலையில ஏத்தினாரு உங்கண்ணன். அன்னியிலருந்து இந்த இடுப்பு வலி” என்றாள் முத்தம்மாள்.

அவள் இடுப்பு வலி என்று சொல்வது எனக்குத் தெரியும். அதை அவளுடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

“அம்சா, நாளைக்கு நானும் வர்றேன். எனக்கும் காட்டிட்டு வரலாம்.”

“ஊருக்கு என்னடி சொல்றது?” என்று காலண்டரிடம் கேட்டேன்.

“என் குடல்வாலு இன்னும் உள்ளதான் இருக்குது. வேணும்னா அதைச் சொல்லிக்கோங்க.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் சுவரைப் பார்த்து நின்றதால் அவர் வாக்கு எண்ணப்படவில்லை. மறுநாள் மாமியாரும் மருமகளும் பஸ் ஏறப் போனார்கள். கேட்டவர்களிடமெல்லாம் “வயித்தத் தைக்கப் போறோம்” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அன்று மதியம் தெருவில் பல வீடுகளில் ஜன்னல் சாத்திப் பாய் விரித்ததாகத் தகவல்.

இறுதியாக, வானூர் வரை உலவும் ஒரு வதந்தி பற்றி. ‘பட்டணத்துக்குப் போய் வயிற்றைக் குறைத்துக்கொண்ட மருமகள்தான் அந்த வீட்டுக்குள் இந்தக் கோளாறைக் கொண்டுவந்தாள்’ என்கிறார்கள். முற்றிலும் தவறு. எங்கள் குடும்பம் எதையும் வெளியிலிருந்து வாங்கி வைத்துக்கொள்கிற குடும்பம் அல்ல. அது எங்கள் சொந்த உப்பளத்தில், நாங்களே விளைவித்தது.