குதிரைக்குக் காட்டாத தண்ணீர்

சிவமயம்

வண்ணார்பேட்டை,
விரோதிகிருது வருஷம் சித்திரை 20

களக்காடு அத்தான் தில்லைநாயகம் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் குற்றாலலிங்கம் அநேக நமஸ்காரம். நெல்லையப்பர் கிருபையால் இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் கோமு அக்காளும் சுகமாக இருக்க வேண்டியது. தாங்கள் இரவல் கொடுத்த குதிரையின் சுகத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

"மாப்பிள்ளை, நாங்குநேரியில தங்கி வெயில் தாழப் பொறப்படும்வே" என்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை, தங்கத்தான் நினைத்தேன், ஆனால் களக்காட்டு எல்லையில் வண்டிக்கார அப்பாத்துரை தன் மாட்டுவண்டியில் இருந்தபடியே, "ஐயா பைய வாங்க, நான் முந்திப் போயி வீட்ல சொல்லிருதேன்" என்றான், தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவன் மாட்டுக்குப் பின்னால் குதிரையில் வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று குதிரையைத் தட்டிவிட்டேன். நாங்குநேரிக் குளத்தைக் கண்டதும் அது கழுத்தை நீட்டியது. வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நான் மட்டும் இரண்டு செம்பு மோர் வாங்கிக் குடித்தேன். குதிரை பார்த்துக்கொண்டிருந்தது.

பாளையங்கோட்டைக்கு ஒரு மைல் இருக்கும்போது நின்றுவிட்டது. வேர்வைகூட வரவில்லை. விலா படபடவென்று அடித்தது, பின்னங்கால் நடுங்கியது. குளத்தில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு நிதானமாகப் பின்னால் வந்த அப்பாத்துரை, மேலப்பாளையம் போய், லாடம் கட்டும் அசன் மைதீனை ஏற்றிக்கொண்டு வந்தான். அவர் குதிரையின் கழுத்துத் தோலைக் கிள்ளினார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது. வயிற்றில் காதை வைத்தார்.

"அண்ணாச்சி, ஒடம்புல தண்ணியே இல்ல, குடல் சத்தமும் கேக்கல. தண்ணி காட்டுனியளா?"

"வேர்த்த குதிரைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வேர்த்ததுக்குக் குடுக்காம வேற எதுக்குக் குடுக்கது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"பொழைக்குமா?"

"காலையில லத்தி போட்டா பொழைக்கும்."

அத்தான், எனக்கு அழுகை வந்துவிட்டது. சேணத்தை என் தலையில் வைத்துக்கொண்டு, உப்புப் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, ஆற்றங்கரையில் நிறுத்தி உடம்பெல்லாம் நனைத்து, பையப் பைய நடத்திக்கொண்டு வந்தேன். அது லத்தி போடும்வரை நானும் பச்சைத் தண்ணீர் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். குடித்த மோருக்கு வேறு பரிகாரம் தெரியவில்லை.

இன்று காலை போட்டது. என் வீட்டுக்காரி பிரம்மநாயகி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றாமல் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பத்து நாள் ஓய்வு கொடுத்து, மேலே ஏறாமல், களக்காடு வரை நானே நடத்திவந்து ஒப்படைப்பேன். கோபத்தை அதுவரை பொறுத்துக்கொள்ளவும்.

அக்காளுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் கேளாத
குற்றாலலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அசன் மைதீன் வந்தார். குதிரையைக் கிள்ளினார், தோல் உடனே படிந்தது. அவரை வரவேற்க எழுந்த நான் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். என் புறங்கையையும் கிள்ளினார். அது மடிந்தபடியே நின்றது. "குதிரைக்கு நாலு நாள் போதும். பத்து நாள் கெடக்க வேண்டியது அண்ணாச்சிதான்" என்றார். ஆகவே மனிதர்கள் சுகம் என்று எழுதியதையும், நானே நடத்திவருவேன் என்று எழுதியதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். தாங்களே வந்து குதிரையைக் கூட்டிப்போகவும். தொழுவத்தை ஒட்டிக் கட்டில் போட்டு, உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். குதிரை பார்த்துக்கொண்டிருக்கிறது.